9 டிபி கல்யாண வீடியோ: எந்த ஹார்ட் டிஸ்க்க நம்பி வைக்கிறது?

தண்டையார்பேட்டை_ஸ்டுடியோ | திங்கள், இரவு 10:40

எல்லாருக்கும் வணக்கம். தண்டையார்பேட்டைல சின்னதா ஒரு வீடியோ ஸ்டுடியோ வச்சிருக்கேன். எங்கப்பா ஆரம்பிச்சது. அவர் விஹெச்எஸ் கேமராவ தோள்ல தூக்கிக்கினு மண்டபம் மண்டபமா சுத்துனவரு, இப்ப நான் 4கே-ல எடுக்குறேன். கல்யாணம், மஞ்சத்தண்ணி, காதுகுத்து, வளைகாப்பு எல்லாம் சேத்து கிட்டத்தட்ட 9 டிபி இருக்கு. அத்தனையும் 1 டிபி, 2 டிபி போர்ட்டபிள் டிஸ்க்லதான், மொத்தம் 11 டிஸ்க், மேல பேப்பர் ஒட்டி வருஷம் எழுதி ஒரு பிஸ்கட் டின்ல அடுக்கி வச்சிருக்கேன்.

போன வாரம் கொருக்குப்பேட்டைலேந்து ஒரு அக்கா வந்தாங்க. 2009-ல அவங்க கல்யாணத்துக்கு எங்கப்பாதான் வீடியோ எடுத்தாரு. இப்ப அவங்க அப்பா தவறிட்டாரு, வர்ற ஞாயித்துக்கெழம காரியம். அவரு நடந்து வர்ற மாதிரி பேசுற மாதிரி ஒரு அஞ்சு நிமிஷம் கிடைச்சா போதும்பான்னாங்க. அவங்க வீட்டு டிவிடி எந்த பிளேயர்லயும் ஓடல. நான் "இருக்குக்கா, உக்காருங்க"ன்னு சொல்லிட்டு 2008-2010னு எழுதுன டிஸ்க்க எடுத்து சொருகுனேன். டிக் டிக் டிக்னு சத்தம். நின்னுச்சு. திரும்பவும் டிக் டிக். கம்ப்யூட்டர்ல டிரைவே வரல. அந்தக்கா ஒண்ணும் சொல்லாம எழுந்து போனாங்க, அது என்னால தாங்க முடியல.

டேட்டா ரெக்கவரி கடையில 38 ஆயிரம் கேட்டாங்க, வரும்னு கேரண்டி இல்லயாம். இனி இப்படி நடக்கக்கூடாது. எல்லாத்தையும் ஒரே பெரிய டிஸ்க்ல போட்டுடலாம்னு இருக்கேன். 16 டிபி ஒண்ணு வாங்குறதா, 8 டிபி ரெண்டு வாங்குறதா? கடைக்காரர் 8 டிபி டெஸ்க்டாப் டிஸ்க் ஒண்ண விலை கம்மின்னு காட்டுனாரு. எந்த கம்பெனி ஒழைக்கும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.


ஐசி_வண்ணாரப்பேட்டை | திங்கள், இரவு 11:05

தம்பி மொதல்ல அந்த டிக் டிக் டிஸ்க்க இனிமே சொருகாத. ஒரு தடவ கூட வேணாம். நான் ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் மார்க்கெட்ல பதினெட்டு வருஷமா போர்டு வேலை பாக்குறேன், அந்த சத்தம் டிஸ்க்க படிக்கிற ஹெட்டு, சுத்துற தட்டுல ட்ராக் கண்டுபிடிக்க முடியாம திரும்பத் திரும்ப போய் முட்டுற சத்தம். ஹெட்டு ஒடஞ்சிருந்தா ஒவ்வொரு தடவ ஓடும்போதும் தட்ட சொரண்டும், தட்டு சொரண்டிட்டா எந்த லேபாலயும் ஒண்ணும் பண்ண முடியாது. ஃப்ரிட்ஜ்ல வை, தட்டிப் பாருன்னு யூட்யூப்ல சொல்றத செய்யாத. பேப்பர்ல சுத்தி தனியா வச்சிடு, பணம் வரும்போது பாத்துக்கலாம்.


காசிமேடு_கானா | திங்கள், இரவு 11:20

அண்ணா ஒரு கேள்வி. 2009னா அப்பா டேப் கேமராதானே வச்சிருந்தாரு? மினி டிவி (MiniDV) டேப்பு, அந்த சின்ன கேசட்டு. அந்த டேப்ப அழிச்சு திரும்ப யூஸ் பண்ணிட்டாரா, இல்ல எங்கயாவது எடுத்து வச்சிருக்காரா? வீட்ல கேட்டுப் பாருங்க. நாங்க கானா கச்சேரி ரெக்கார்டிங்க எல்லாம் அப்படி ட்ரங்கு பொட்டிலேந்துதான் எடுத்தோம்.


தண்டையார்பேட்டை_ஸ்டுடியோ | திங்கள், இரவு 11:32

அப்பா இப்ப இல்லப்பா. அம்மாகிட்ட கேக்குறேன். பரண் மேல ரெண்டு ட்ரங்கு இருக்கு, 2023 மிக்ஜாம் புயல்ல கடையில முட்டி வரைக்கும் தண்ணி, ஆனா ட்ரங்கு வீட்ல மேலதான் இருந்துச்சு. நாளைக்கு ஏறி பாக்குறேன்.


சர்வர்ரூம்_நைட்ஷிப்ட் | செவ்வாய், அதிகாலை 3:15

ஸ்டுடியோ ப்ரோ, பெரம்பூர்லேந்து எழுதுறேன், டேட்டா சென்டர்ல வேலை, மாசத்துக்கு நாலஞ்சு செத்த டிஸ்க்க கையால கழட்டுறவன். எந்த கம்பெனின்னு கேக்குறதுக்கு முன்னாடி டிஸ்க் சிஎம்ஆரா எஸ்எம்ஆரான்னு கேளுங்க. கடைக்காரர் காட்டுன 8 டிபி சீகேட் பாராகுடாவா இருந்தா அது எஸ்எம்ஆர்.

வித்தியாசம் சிம்பிள். ஓட்டு வீட்டு கூரைய நெனச்சுக்கங்க, ஒரு ஓட்டு மேல அடுத்த ஓடு பாதி ஏறி உக்காந்திருக்கும். எஸ்எம்ஆர் டிஸ்க்ல ட்ராக்க அப்படித்தான் ஒண்ணு மேல ஒண்ணு ஏத்தி எழுதுறான், அதனால அதே தட்டுல நிறைய எடம் கிடைக்குது, விலையும் கம்மியாகுது. ஆனா நடுவுல ஒரு ஓட்ட மாத்தணும்னா அது மேல ஏறுன எல்லா ஓட்டையும் எடுத்து திரும்ப அடுக்கணும்ல? அதே கததான். நீங்க 500 ஜிபி ஒரே மூச்சுல தள்ளும்போது கொஞ்ச நேரம் வேகமா போகும், உள்ள இருக்குற கேஷ் ஏரியா நெறஞ்சதும் வேகம் படுத்துடும், டிஸ்க்கு உள்ளுக்குள்ள அடுக்கிக்கிட்டே இருக்கும். சிஎம்ஆர்ல ட்ராக் தனித்தனியா பக்கத்துல பக்கத்துல இருக்கும், இந்த தொல்லை இல்ல.

2020-ல பெரிய பிரச்சன ஆச்சு. டபிள்யூடி (வெஸ்டர்ன் டிஜிட்டல்) ரெட்னு, நாஸ்ல, அதாவது நெட்வொர்க்ல மாட்டுற டிஸ்க் பெட்டில, போடுறதுக்குன்னே வித்த டிஸ்க்ல 2 டிபிலேந்து 6 டிபி வரைக்கும் எஸ்எம்ஆர் வச்சிருக்கான், பெட்டில எங்கயும் எழுதல, ரெய்ட்ல (பல டிஸ்க்க சேத்து ஒண்ணா ஓட்டுற முறை) புது டிஸ்க் மாத்தும்போது பாதியிலயே தூக்கி எறியுதுன்னு உலகம் பூரா கத்துனாங்க. அதுக்கப்புறம்தான் மூணு கம்பெனியும், அதாவது சீகேட், டபிள்யூடி, தோஷிபா, எந்த மாடல் எதுன்னு லிஸ்ட் போட்டாங்க. ரெட் ப்ளஸ்னு தனியா வந்ததும் அப்பதான், அது சிஎம்ஆர். சீகேட்ல அயர்ன்வுல்ஃப் முழுக்க சிஎம்ஆர். அதனால பேர மட்டும் பாக்காதீங்க, ஸ்டிக்கர்ல இருக்குற முழு மாடல் நம்பர கம்பெனி லிஸ்ட்ல தேடுங்க.


எண்ணூர்_90 | செவ்வாய், காலை 8:10

நைட்ஷிப்ட் அண்ணா சொல்றது சரிதான் ஆனா ஒரு விஷயம். இவரு ஒரு தடவ எழுதி மூடி வைக்கப்போறாரு, தினம் எடிட் பண்ணப் போறதில்ல. அதுக்கு எஸ்எம்ஆர் போதாதா? நான் படம் டவுன்லோட் பண்ணி வச்சிருக்குற 8 டிபி எஸ்எம்ஆர்தான், மூணு வருஷமா ஓடுது. பாதி காசு மிச்சம்.


சர்வர்ரூம்_நைட்ஷிப்ட் | செவ்வாய், காலை 8:25

நியாயமான கேள்வி. வெறும் எழுதி மூடி வைக்கிறதுக்கு எஸ்எம்ஆர் மோசமில்ல, அது சீக்கிரம் சாகும்னு நான் சொல்லல. ஆனா இவரு கல்யாண சீசன்ல வாரத்துக்கு ரெண்டு ஃபங்ஷன் ஏத்துவாரு, ஆல்பம் முடிஞ்சதும் பழைய ஃபுட்டேஜ அழிப்பாரு, திரும்ப ஏத்துவாரு. அழிச்சு அழிச்சு எழுதுற எடத்துல எஸ்எம்ஆர் கழுத்தறுக்கும். நாளைக்கு நாஸ் வாங்குனாலும் அதுல போடறது சரி வராது. வித்தியாச காசு பெருசில்ல ப்ரோ, போட்டுடுங்க.


நாஸ்_மணலி | செவ்வாய், மதியம் 1:02

நாலு டிஸ்க் மாட்டுற நாஸ் வாங்கி ரெய்ட் 5 போடுங்க, ஒரு டிஸ்க் போனாலும் டேட்டா இருக்கும், போன்லேந்தே கஸ்டமருக்கு லிங்க் அனுப்பலாம். நான் மணலில வீட்ல வச்சிருக்கேன், நிம்மதியா இருக்கேன். ஒரே டிஸ்க்ல எல்லாத்தையும் போடுறது ரிஸ்க்கு.


ஐசி_வண்ணாரப்பேட்டை | செவ்வாய், மதியம் 2:40

மணலி தம்பி, நாஸ் நல்லதுதான், ஆனா அத பேக்கப்புன்னு நெனச்சு யாரும் நிம்மதியா தூங்காதீங்கப்பா. போன வருஷம் ஒரு ஸ்டுடியோக்காரர் கண்ணு கலங்கி வந்தாரு. ரெண்டு டிஸ்க் ரெய்ட் 1, ஒண்ணுல எழுதுனா இன்னொண்ணுலயும் அதே நிமிஷம் எழுதும். எடிட்டர் பையன் தப்பா ஒரு ஃபோல்டர ஷிஃப்ட் டெலிட் அடிச்சுட்டான், ரெண்டுலயும் ஒரே நேரத்துல போயிடுச்சு. இன்னொருத்தர் க்ராக் பண்ண எடிட்டிங் சாஃப்ட்வேர் போட்டாரு, மறுநாள் காலைல எல்லா ஃபைல் பேரு பின்னாடியும் புது எழுத்து ஒட்டிக்கிச்சு, ஒண்ணும் தொறக்கல, டெஸ்க்டாப்ல பணம் கேட்டு ஒரு நோட்பேட். நெட்வொர்க்ல இருந்த நாஸும் காலி. ரெய்டுங்கறது டிஸ்க் செத்துப்போறதுக்குத்தான் காவல், மத்தது எதுக்கும் இல்ல.

ஸ்டுடியோ தம்பிக்கு நான் சொல்றது: ஒரே சைஸ்ல ரெண்டு டிஸ்க். ஒண்ணு கடையில. ஒண்ணு வேற வீட்ல, ஒயர் எதுவும் சொருகாம, அலமாரில.


தண்டையார்பேட்டை_ஸ்டுடியோ | செவ்வாய், இரவு 9:15

ட்ரங்க எறக்கிட்டேன். இருக்கு. அப்பா ஒவ்வொரு டேப் மேலயும் பச்ச இங்க்ல பேரு, தேதி, மண்டபம் பேரு எல்லாம் எழுதி வச்சிருக்காரு. அந்தக்கா கல்யாணம் மூணு டேப்பு, நம்பர் போட்டு ரப்பர் பேண்டு சுத்தி. ரப்பர் பேண்டு தொட்டதும் பொடியாயிடுச்சு, டேப்பு பாக்க நல்லாத்தான் இருக்கு. கேமராதான் இல்ல, அப்பாவோடத எப்பவோ வித்தாச்சு. யார்கிட்டயாவது ஓடுற மினி டிவி கேமரா இருக்கா?


காசிமேடு_கானா | செவ்வாய், இரவு 9:21

என்கிட்ட இருக்குண்ணா. டேப் கேமராலேந்து வீடியோ ஏத்துற ஃபயர்வயர் கார்டு போட்ட பழைய டெஸ்க்டாப்பும் இருக்கு. நாளைக்கு சாயந்திரம் எடுத்துக்கினு வாங்க. டேப்ப வேகமா முன்னாடி பின்னாடி ஓட்டிப் பாக்காதீங்க, பூஞ்ச புடிச்சிருந்தா கேமரா ஹெட்டுல ஒட்டிக்கும், நம்ம ஏரியா கடல் காத்துக்கு வெள்ளையா படியும். லைட் அடிச்சு ரீல் ஓரத்த பாத்துட்டு ஆரம்பிக்கலாம். ஒரு மணி நேர டேப்பு ஒரு மணி நேரம் ஓடிதான் ஆகணும், 13 ஜிபி வரும், குறுக்கு வழி கிடையாது. டீ சாப்டுக்கினே ஏத்தலாம் வாங்க.


கொளத்தூர்_டீச்சர் | செவ்வாய், இரவு 10:00

நான் இதுக்கெல்லாம் புதுசு, கேக்குறேன்னு தப்பா நெனைக்காதீங்க. ஹார்ட் டிஸ்க்குல சுத்துற பாகம் இருக்கறதாலதானே கெட்டுப்போகுது? அப்ப எஸ்எஸ்டி வாங்கி வச்சா என்ன? இல்லன்னா கூகுள் டிரைவ்ல போட்டுட்டா?


சர்வர்ரூம்_நைட்ஷிப்ட் | புதன், அதிகாலை 2:30

தப்பே இல்ல டீச்சர். எஸ்எஸ்டி வேலை பாக்க ரொம்ப நல்லது, கீழ விழுந்தாலும் தாங்கும். ஆனா கரண்ட் இல்லாம பல வருஷம் அலமாரில வைக்கிறதுக்கு அது செஞ்சதில்ல. செல்லுக்குள்ள சார்ஜா நிக்குறதுதான் டேட்டா, அது மெதுவா கசியும், சூடு அதிகமானா சீக்கிரமா. ஜெடெக்னு சிப்புக்கெல்லாம் தரம் வகுக்குற அமைப்போட தரத்துல வீட்டு எஸ்எஸ்டிக்கு கேக்குறதே, முழு ஆயுளும் எழுதி முடிச்ச நெலமைல 30 டிகிரில கரண்ட் இல்லாம ஒரு வருஷம் தாங்கணும்னு மட்டும்தான். புது எஸ்எஸ்டி அதவிட ரொம்ப நாள் தாங்கும், ஆனா பிஸ்கட் டின்ல போட்டு அஞ்சு வருஷம் மறக்குறதுக்கு நான் தர மாட்டேன்.

கிளவுடு உங்க ஃபோட்டோவுக்கு நல்லது, போடுங்க. இவருக்கு 9 டிபி. 50 எம்பிபிஎஸ் அப்லோட்ல நிக்காம போனாலே 16, 17 நாளு ஆகும், மாசா மாசம் காசு வேற. முக்கியமான ஃபைனல் வீடியோ மட்டும் ஏத்தலாம்.

இப்ப சைஸுக்கு வர்றேன். ப்ரோ, 4கே 100 எம்பிபிஎஸ்ல எடுத்தா ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. ரெண்டு கேமரா ஆறு மணி நேரம்னா 540 ஜிபி, ஒரே கல்யாணத்துக்கு. 16 டிபின்னு பெட்டில போட்டிருந்தாலும் விண்டோஸ்ல 14.55னுதான் காட்டும், கம்பெனி ஆயிரத்தால கணக்கு போடுறான், விண்டோஸ் 1024-ஆல வகுக்குது, யாரும் ஏமாத்தல. 12 டிபி வாங்குனா 10.9, உங்க 9 போக அடுத்த முகூர்த்த மாசத்துலயே முட்டும். அதனால 16 ரெண்டு. 8 ரெண்டு வாங்குனா ரெண்டுலயும் பாதிப் பாதிதான் இருக்கும், காப்பியே இல்ல, ஒண்ணு போனாலும் பாதி கல்யாணம் போச்சு. 2025 ஜூலைல சீகேட் 30 டிபி வரைக்கும் கடைக்கு விட்டாச்சு, அது உங்களுக்கு வேணாம்.


எண்ணூர்_90 | புதன், காலை 9:40

16 டிபி புதுசு ரெண்டுன்னா கை கடிக்கும். ரிச்சி ஸ்ட்ரீட்லயும் ஆன்லைன்லயும் எக்ஸோஸ், அல்ட்ராஸ்டார் எல்லாம் பாதி விலைக்கு கிடைக்குதே, டேட்டா சென்டர்லேந்து வர்றது. அது ஓகேவா?


ஐசி_வண்ணாரப்பேட்டை | புதன், காலை 11:30

பழசுன்னு சொல்லி பழசு விலைக்கு வித்தா தப்பில்ல, மூணாவது காப்பிக்கு வாங்கலாம். பழச புதுசுன்னு விக்கிறதுதான் பிரச்சன. 2025 ஆரம்பத்துல ஜெர்மனில பெரிய விஷயமாச்சு, பல ஆயிரம் மணி நேரம் ஓடுன எக்ஸோஸ் டிஸ்க்க ஸ்மார்ட் கணக்க (டிஸ்க் தன்னப் பத்தி தானே எழுதி வைக்கிறது) பூஜ்யமாக்கி புதுசுன்னு வித்திருக்காங்க. சீகேட் டிஸ்க்ல ஃபார்ம்னு இன்னொரு கணக்கு உள்ள இருக்கு, அத மாத்தாம விட்டுட்டானுங்க, அதுல மாட்டிக்கிச்சு. ஸ்மார்ட்சிடிஎல்னு இலவச டூல் இருக்கு, புது வெர்ஷன்ல ஃபார்ம் பாக்கலாம், ரெண்டு மணிக்கணக்கும் ஒத்துப்போகணும்.

கடையில பில் போடறதுக்கு முன்னாடியே சீரியல் நம்பர கம்பெனி வெப்சைட்ல போடு தம்பி. வாரண்டி நம்ம ஊருக்கு எத்தன வருஷம்னு வரணும். அயர்ன்வுல்ஃப், ரெட் ப்ளஸ் ரெண்டும் 3 வருஷம், எக்ஸோஸ் 5. ஓஇஎம்னு (கம்ப்யூட்டர் கம்பெனிக்கு மொத்தமா போன டிஸ்க்) வந்தா வாரண்டி உனக்கு கெடையாது, வித்தவன்தான் கதி. கனெக்டர் முனையில சொருகுன கீறல் இருக்கா, ஸ்க்ரூ ஓட்டைல தேய்மானம் இருக்கான்னு டார்ச் அடிச்சு பாரு. புது டிஸ்க்ல அந்த ஓட்டை கன்னி கழியாம பளபளன்னு இருக்கும். வாரண்டின்னா புது டிஸ்க் தருவான், உள்ள இருந்த வீடியோவ தர மாட்டான்.


நாஸ்_மணலி | புதன், மதியம் 12:15

சீகேட்டா டபிள்யூடியா, அத யாரும் சொல்லலியே. எனக்கு தெரிஞ்சவங்க பாதி பேரு சீகேட் வேணாம்ங்கறாங்க, பாதி பேரு டபிள்யூடி வேணாம்ங்கறாங்க.


சர்வர்ரூம்_நைட்ஷிப்ட் | புதன், இரவு 11:50

ஒரே டிஸ்க் செத்து மனசு ஒடஞ்சவங்க சொல்றது அது. அவங்க கோவம் நியாயம், ஆனா ஒரு டிஸ்க்க வச்சு கணக்கு போட முடியாது. பேக்ப்ளேஸ்னு அமெரிக்கால ஆன்லைன் பேக்கப் கம்பெனி இருக்கு, 2013-லேந்து அவங்ககிட்ட ஓடுற டிஸ்க் எல்லாத்தோட தினக்கணக்கையும் மாடல் வாரியா வெளிய போடுறாங்க. மொத்தமா செத்த டிஸ்க் 2022-ல 1.37 சதவீதம், 2023-ல 1.70, 2024-ல 1.57. அதாவது நூறு டிஸ்க் ஏசில ஓடுனா வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு போகும். அதுல பாத்தா ஒரே கம்பெனிலயே ஒரு மாடல் தங்கம், ஒரு மாடல் தகரம். கம்பெனி பேர வச்சு பிரிக்கவே முடியாது.

பெட்டில 25 லட்சம் மணி நேரம் எம்டிபிஎஃப்னு (ரெண்டு பழுதுக்கு நடுவுல சராசரி நேரம்) போட்டிருப்பான். மணி நேரத்த வருஷமாக்குனா 285 வருஷம் வரும், யாராவது நம்புவாங்களா? அதுக்கு அர்த்தம் பல ஆயிரம் டிஸ்க்ல வருஷத்துக்கு 0.35 சதவீதம் போகும்னு கம்பெனி எதிர்பாக்குறான், அவ்ளோதான். உங்க கையில இருக்குற ஒண்ணு எப்ப போகும்னு அது சொல்லாது.

அதனால நான் சொல்றது ரெண்டு டிஸ்க்கையும் வேற வேற கம்பெனில வாங்குங்க. ஒரே பேட்ச்ல வந்த ரெண்டு டிஸ்க்ல ஒரே குறை இருந்தா அடுத்தடுத்து போகும், எங்க ரூம்ல கண்ணால பாத்திருக்கேன்.

ஸ்மார்ட்ட பத்தியும் சொல்லிடறேன். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோங்கற டூல் போட்டு 05 (மாத்தி வச்ச கெட்ட எடம்), சி5 (படிக்க தெணறுற எடம்), சி6 (படிக்கவே முடியாத எடம்) மூணு வரியோட ரா வேல்யூவ பாருங்க, மூணும் பூஜ்யமா இருக்கணும். சி5 ஏறுச்சுன்னா அன்னிக்கே காப்பி எடுங்க. சி7 மட்டும் ஏறுனா பயப்படாதீங்க, பெரும்பாலும் கேபிள். 2007-ல கூகுள் 1 லட்சத்துக்கு மேல டிஸ்க்க வச்சு ஆய்வு வெளியிட்டாங்க, மொத ஸ்கேன் எரர் வந்த டிஸ்க் அடுத்த 60 நாள்ல சாகறதுக்கு 39 மடங்கு வாய்ப்பு அதிகம். அதே ஆய்வுல செத்த டிஸ்க்ல பாதிக்கு மேல முக்கியமான எந்த அறிகுறியும் காட்டாமயே செத்திருக்கு. எல்லாம் பச்சையா இருக்குன்னு ரெண்டாவது காப்பிய தள்ளிப் போடாதீங்க.


காசிமேடு_கானா | வியாழன், இரவு 12:20

ஏத்தியாச்சு!! மூணு டேப்பும். ரெண்டாவது டேப்ல மட்டும் அங்கங்க கட்டம் கட்டமா ஒடையுது, மத்தது சுத்தம். ஸ்டுடியோ அண்ணா பக்கத்துலயே உக்காந்திருந்தாரு. அந்தக்காவோட அப்பா வெள்ள வேட்டில பந்தி பக்கம் நின்னு ஒவ்வொருத்தரையும் சாப்டீங்களா சாப்டீங்களான்னு கேட்டுக்கினே வர்றாரு, சத்தம் தெளிவா கேக்குது. அதுக்கப்புறம் ஸ்டுடியோ அண்ணாவோட அப்பா குரலும் டேப்ல கேட்டுச்சு, "கொஞ்சம் இப்படி பாருங்க சார்"னு. அண்ணா அங்கயே ரொம்ப நேரம் பேசல.


தண்டையார்பேட்டை_ஸ்டுடியோ | வியாழன், காலை 7:30

தம்பிக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. நேத்து ராத்திரியே அந்தக்காவுக்கு போன் பண்ணிட்டேன். வெள்ளிக்கெழம வந்து வாங்கிக்கறாங்க. டிஸ்க் வாங்க சனிக்கெழம ரிச்சி ஸ்ட்ரீட் போறேன். வேற ஏதாவது கவனிக்கணுமா?


ஐசி_வண்ணாரப்பேட்டை | வியாழன், காலை 10:10

டாக், அதாவது டிஸ்க்க சொருகி கம்ப்யூட்டரோட சேக்குற ஸ்டாண்டு, நல்லதா வாங்கு. பழைய டாக் சிலது 2 டிபிக்கு மேல சரியா காட்டாது, சிலது ஸ்மார்ட் தகவல வெளிய விடாது, கேட்டு வாங்கு. 3.5 இஞ்ச் டிஸ்க்குக்கு 12 வோல்ட் வேணும், அதனால தனி அடாப்டரோட வரும். இங்கதான் எல்லாரும் மாட்டுறாங்க. லேப்டாப் அடாப்டர் 19 வோல்ட், பின்னு பாக்க ஒரே மாதிரி, டேபிள்ல ரெண்டும் கருப்பா கெடக்கும். மாத்தி சொருகுனா பட்டுனு ஒரு சத்தம், டிஸ்க் செத்துடும். மாசம் ஒண்ணாவது என்கிட்ட வருது. பெரும்பாலும் போர்டுல பவர் கனெக்டர் பக்கத்துல காவலுக்கு இருக்குற டிவிஎஸ் டையோடு ஷார்ட் ஆகி தன்ன குடுத்து மத்தத காப்பாத்தியிருக்கும், அத எடுத்துட்டா டிஸ்க் திரும்ப ஓடும், டேட்டாவ எடுத்துடலாம். ஆனா எல்லா தடவையும் அப்படி தப்பிக்காது. வேற போர்டு மாத்திப் போட்டா ஓடும்னு யாராவது சொன்னா நம்பாத, அந்த போர்டுல எட்டு கால் ரோம் (ROM) ஐசி ஒண்ணு இருக்கும், அந்த டிஸ்க்குக்கே உரிய கணக்கு அதுலதான் இருக்கு, அதையும் கழட்டி மாத்தணும். அடாப்டர் ஒயர்ல இன்னிக்கே செவப்பு டேப் சுத்தி 12னு எழுதிடு.

சின்ன யுபிஎஸ் ஒண்ணு போடு, காப்பி ஓடும்போது கரண்ட் போனா கஷ்டம். ஓடும்போது டிஸ்க்க நகத்தாத. எஜெக்ட் குடுத்ததும் உருவாத, தட்டு சுத்தறது அடங்க அர நிமிஷம் விட்டு எடு.


கொளத்தூர்_டீச்சர் | வியாழன், மாலை 6:45

நம்ம பக்கம் தண்ணி வர்ற ஏரியாவாச்சே, அத யோசிச்சீங்களா? 2015-லயும் 2023-லயும் எங்க தெருவுல கீழ்வீடு எல்லாம் போச்சு. என் அண்ணன் வீட்டு டிஸ்க் தண்ணில நனைஞ்சு, அரிசில போட்டு வச்சாங்க, ஒண்ணும் ஆகல.


சர்வர்ரூம்_நைட்ஷிப்ட் | வெள்ளி, அதிகாலை 1:40

டீச்சர் சொன்னதுதான் எங்க ரெண்டு பேரையும் விட முக்கியம். ரெண்டாவது டிஸ்க் அதே தெருவுல இருந்தா ஒரே மழைல ரெண்டும் போகும். மூணு காப்பி, ரெண்டு வித மீடியா, ஒண்ணு வெளியூரு இல்ல வெளி எடம்னு ஒரு கணக்கு சொல்வாங்க, பீட்டர் க்ரோக்னு ஒரு ஃபோட்டோகிராஃபர்தான் அத பரப்புனாரு, உங்க தொழில்காரர்தான். நம்மளால முடிஞ்சது ரெண்டு டிஸ்க், டேப்பு, முக்கியமானதுக்கு கிளவுடு.

நனைஞ்ச டிஸ்க்க அரிசில போடவும் கூடாது, கரண்ட் குடுக்கவும் கூடாது. சாதா டிஸ்க்ல மூடில ஒரு சின்ன மூச்சு ஓட்டை இருக்கும், அது வழியா தண்ணி உள்ள போயிருக்கும், காஞ்சா சேறு தட்டுல ஒட்டும். ஈரத்தோடயே கவர்ல கட்டி லேபுக்கு குடுக்கணும். ஹீலியம் அடைச்ச பெரிய டிஸ்க்ல அந்த ஓட்டை கிடையாது, முழுக்க சீல், 2013-ல ஹெச்ஜிஎஸ்டி 6 டிபில ஆரம்பிச்சது. நம்ம உப்புக் காத்துக்கு அது ஒரு நல்லது. ஆனா போர்டு வெளியதான் இருக்கு, அது துரு புடிக்கும், சிலிகா ஜெல் போட்டு ஆன்ட்டி ஸ்டாட்டிக் கவர்ல வைங்க.

வாங்குனதும் நேரா வீடியோ ஏத்தாதீங்க. மொத தடவ முழு டிஸ்க்கையும் எழுதி திரும்ப படிச்சு பாருங்க, விண்டோஸ்ல ஹெச்2டெஸ்ட்டபிள்யூ போதும். 16 டிபிக்கு எழுத ஒரு நாள், படிக்க ஒரு நாள். குறையோட வந்த டிஸ்க் அதுலயே காட்டிக்குடுத்துடும், கடைக்காரர் மாத்திக் குடுக்குற நாளுக்குள்ள தெரிஞ்சுக்கலாம். காப்பிக்கு வெறும் காப்பி பேஸ்ட் வேணாம், டெராகாப்பிங்கற டூல்ல வெரிஃபை டிக் பண்ணுங்க.


தண்டையார்பேட்டை_ஸ்டுடியோ | மூணு வாரம் கழிச்சு, ஞாயிறு, இரவு 9:50

அப்டேட் போடலன்னு மெசேஜ் பண்ணவங்களுக்கு மன்னிக்கணும், காப்பி முடியவே இவ்ளோ நாளாச்சு.

16 டிபி ரெண்டு வாங்கிட்டேன், ஒண்ணு அயர்ன்வுல்ஃப், ஒண்ணு தோஷிபா என்300. மூணு கடை ஏறி எறங்குனேன். ஒரு கடையில சீரியல் போட்டதும் வாரண்டி இல்லன்னு வந்துச்சு, வாங்காம வந்துட்டேன். ரெண்டையும் முழுசா டெஸ்ட் பண்ணேன், ரெண்டுலயும் எரர் இல்ல.

பழைய 11 டிஸ்க்ல 10 ஓடுச்சு. அந்த பத்துல மூணுல சி5 பூஜ்யம் இல்ல, ஒண்ணுல 312. மொதல்ல அந்த மூணத்தான் காப்பி எடுத்தேன். ரெண்டு ஃபைல் மட்டும் வரல, ஒண்ணு ஒரு காதுகுத்து, இன்னொண்ணு 2013-ல எடுத்த ஒரு ரிசப்ஷன். ரெண்டு வீட்டுக்கும் நானே போன் பண்ணி சொல்லிட்டேன். ரிசப்ஷன் வீட்ல டிவிடி ஓடுதாம், வாங்கி காப்பி எடுத்துக்கிட்டேன். காதுகுத்து வீட்ல என் நம்பருக்கு இன்னும் திரும்ப கூப்பிடல.

அப்பாவோட டேப் மொத்தம் 146 இருக்கு. காசிமேடு தம்பி கேமராவ மழ முடியற வரைக்கும் வச்சுக்கங்கண்ணான்னுட்டாரு. தினம் ராத்திரி கடை மூடுனதும் ஒண்ணு ஏத்துறேன். தோஷிபா டிஸ்க்க இன்னிக்கு பெரம்பூர்ல தங்கச்சி வீட்ல குடுத்துட்டு வந்தேன், ரெண்டாவது மாடி, பீரோல பட்டுப்புடவைக்கு பக்கத்துல. மாசம் மொத ஞாயிறு போய் எடுத்துட்டு வந்து புதுசா சேந்தத ஏத்தி திரும்ப வைக்கணும்னு அவளே காலண்டர்ல வட்டம் போட்டுட்டா.

அந்தக்கா காரியத்துல அந்த அஞ்சு நிமிஷத்த போட்டாங்களாம். இப்ப அவங்க தம்பி கல்யாண டேப்பும் இருக்கான்னு கேட்டிருக்காங்க. 2011. ட்ரங்குல தேடுனேன், பச்ச இங்க்ல எழுதி இருக்கு. நாளைக்கு ராத்திரி அதுதான்.